கோலின் அடியில் ஒரு வெட்டு

போன மாதம் மலைக் கிளப்பிலிருந்து புது மார்க்கர் என்னைத் தேடி மார்க்கையன்கோட்டைக்கு வந்திருந்தார். கையில் சாக்குத் துணியில் சுற்றிய பில்லியர்ட்ஸ் கோல். துரைமார் கப்பலேறிய பிறகு கிளப்பை நம்மவர்கள்தான் நடத்துகிறார்கள். புதுச் செகரட்டரி பழைய சாமான்களில் உதவாததைக் கழித்துக்கட்டச் சொல்லிவிட்டாராம்.

"ஐயா, கோலு நேராத்தான் இருக்கு. ஆனா அடியில வெட்டு விழுந்திருக்கு. டேமேஜுன்னு தள்ளிறவா?" என்று கேட்டார்.

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பருத்த அடிப்பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அதற்குப் பக்கத்தில் ஒரு நெல் நீளத்துக்கு உளிவெட்டு. "உக்காருங்க, சொல்றேன்" என்றேன். அவர் கேட்டது ஒரு வரிக் கேள்வி. நான் சொன்ன பதிலில் அவருடைய கடைசி பஸ் போய்விட்டது. அவ்வளவையும் கேட்டுவிட்டு, இதை எழுதிவைத்தால் என்ன என்று அவர்தான் சொன்னார்.

நான் ஆசாரி வீட்டுப் பிள்ளை. அந்தக் கிளப்பில் மேசைக் கால் ஒன்று ஆட்டம் கண்டதைச் சரிசெய்ய அப்பாவின் உளிப் பையோடு மலையேறிப் போனவன், வேலை முடிந்தும் திரும்பவில்லை. அங்கே தலைமை மார்க்கராக இருந்த குஞ்ஞுண்ணி நாயர், மரம் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னைப் பிடித்து வைத்துக்கொண்டார். மார்க்கர் என்றால் ஆட்டத்தின் புள்ளிகளைக் கூவிச் சொல்பவன். மேசையின் பச்சைத் துணியைத் துலக்கி வைப்பவன். பந்தை அடிக்கிற கோல்களைப் பேணுபவன். இந்த மூன்றையும் நான் கற்றுக்கொண்ட கதையில் சுவாரசியம் ஒன்றும் கிடையாது. நிறைய ஏச்சு வாங்கினேன், கொஞ்சம் இங்கிலீஷ் வந்தது.

நாயரைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கஞ்சி போட்டு மடித்த வேட்டி கசங்காமல் நாள் முழுக்க நிற்பார். மூக்குப்பொடி இல்லாமல் அவரால் இருக்க முடியாது; ஆனால் மேசை அறைக்குள் பொடி டப்பா வரக் கூடாது. அதற்காக நாளெல்லாம் வாசலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருப்பார். எந்தக் கோலையும் கைகழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். எங்கள் செகரட்டரி துரை தேயிலைத் தோட்டத்துக்காரர், நல்ல மனுஷன், ஆட்டம் மட்டும் வராது. ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் கோல் கோணல் என்று நீட்டுவார். நாயர் பணிவாக வாங்கி, உருட்டிப் பார்த்து, "சரியாக்கித் தரலாம் சார்" என்று சொல்லி உள்ளே கொண்டுவந்து, சும்மா வைத்திருந்து, அதே கோலை மறுநாள் கொடுப்பார். துரை அதில் ஜெயித்தும் இருக்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் ஒருமுறை சொல்லப்போக, நாயர் சிரிக்கவில்லை. "கோணல் கையா, கோணல் கோலான்னு உருட்டிப் பாக்காம சொல்லக் கூடாது ஆறுமுகா" என்றார்.

அவர் உருட்டுவதைப் பார்க்க வேண்டும். பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் கல்பலகை. அதைவிடச் சமமான தரை எங்கள் பக்கத்தில் கிடையாது. கோலை அதன்மேல் கிடத்தி, உள்ளங்கையை லேசாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தள்ளுவார். நேரான கோல் சத்தமில்லாமல் போகும். வளைந்த கோல் துணிக்கடியில் மெல்லத் தட்டும். நுனி எகிறி எகிறி இறங்கும். தட்டுகிற இடம் நுனியா நடுவா என்று கை சொல்லிவிடும். அப்புறம் கோலைத் தூக்கி ஒரு விரலில் நிறுத்தி எடை பார்ப்பார். அடி பருத்து நுனி மெலிய இறங்கும் தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு இழுப்பார். எங்காவது மேடு பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் விரல் நின்றுவிடும். பிறகு நுனியின் பித்தளைப் பூணையும் அதன்மேல் ஒட்டிய தோலையும் நகத்தால் தட்டிப் பார்ப்பார். எல்லாம் முடிந்து கோல் நன்றாக இருந்தால் "மோசமில்ல" என்பார். நான் அறிய, சீமையிலிருந்து வந்த நல்ல கோல்களுக்கு மட்டும் வாய்த்த சொல் அது. சுமாரானது என்றால் "இருக்கட்டும்". மட்டமானது என்றால் பொடி போட வெளியே போய்விடுவார்.

சீமையில் சண்டை வந்து கப்பல் நின்றது. சீமைக் கோல் வரத்தும் நின்றது. இருந்த கோல்களை மலை மூடுபனி தின்றது. ஒருநாள் துரை நாயரையும் என்னையும் கூப்பிட்டு, கீழே பள்ளத்தாக்கில் இத்தனை ஆசாரிகள் இருக்கிறார்களே, கோல் செய்யச் சொன்னால் என்ன என்றார். மாதிரி ஒன்றைக் கொடுத்தனுப்புவது, யார் வேண்டுமானாலும் ஒரு கோல் செய்து அனுப்பலாம், நாயரும் நானும் பார்த்துச் சொல்லும் ஆளுக்குத்தான் கிளப்பின் கோல் வேலை முழுவதும் என்று முடிவானது. செய்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியக் கூடாது. கோல்களை வாங்கிப் பேர் எழுதி வைத்துக்கொள்வது துரையின் பொறுப்பு.

முதல் தடவை வந்தவற்றைப் பார்த்து நாயருக்குப் பொடி டப்பா காலியாகிவிட்டது. கம்பத்திலிருந்து வந்தது உலக்கைக்குத் தம்பி. போடியிலிருந்து வந்ததில் பிடிக்கும் இடத்தில் ஒரு கிளி செதுக்கியிருந்தது, அழகான கிளி, ஆனால் கை வைக்க இடமில்லை. இன்னொன்று பளபளவென்று வந்தது. பார்த்து மயங்கி நானே "மோசமில்ல" என்று சொல்லிவிட்டேன். ஆட எடுத்ததும் அடி பிளந்தது. விரிசலில் மரத்தூளும் மெழுகும் குழைத்து அடைத்திருந்தார்கள்.

அந்தக் கோபத்தில் நான் ஒரு விதி போட்டேன். தண்டிலோ அடியிலோ வெட்டு, கீறல், விரிசல் எது இருந்தாலும் உருட்டிப் பார்க்காமலே தள்ளுபடி. நாயரும் ஒத்துக்கொண்டு, பட்டறை பட்டறையாகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த முறை கோல் செய்யப் போகிறவர்களில் என் தங்கை வள்ளியம்மாளின் வீட்டுக்காரர் சுப்பையாவும் ஒருவர். இதே மார்க்கையன்கோட்டைதான். வண்டிச் சக்கரத்திலிருந்து தொட்டில் வரை எதையும் இழைத்துவிடுவார். ஆனால் ஊரில் வேலை குறைந்து, சில வருஷமாகத் தோட்டத்து பாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்க மலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போனால் மாசக்கணக்கில் வர முடியாது. வள்ளிக்கு முதல் இரண்டு பிள்ளையும் தங்காமல் போனபோது இரண்டு தடவையும் அவர் மலையில்தான் இருந்தார். கிளப் வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே கோல் செய்யலாம்.

லீவில் ஊருக்குப் போனபோது வள்ளி கஞ்சியை வைத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"அண்ணே, மறுபடி முழுகாம இருக்கேன். இந்தத் தடவையாச்சும் அவுக பக்கத்துல இருக்கணும்ண்ணே."

"நான் பாத்துச் சொல்ற இடத்துல இருக்கேன் வள்ளி. எங்கிட்ட இதச் சொல்லாத."

"வேற யாருகிட்டச் சொல்லுவேன்?"

மலையேறும்போது ஒன்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கோல் யாருடையது என்று தெரியாமலே இருந்துவிட்டால் நான் பிழைத்தேன். எனக்கு இரண்டு பயம். தங்கச்சிக்காக ஒரு கோலைத் தூக்கிவிடுவேனோ என்பது ஒன்று. ஊர் வாய்க்குப் பயந்து, நல்ல கோலையே அவருடையது என்பதற்காக மட்டம் தட்டிவிடுவேனோ என்பது இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் தூங்கவிடவில்லை.

வைகாசியில் கோல்கள் வந்தன. நான் எடுத்த முதல் கோலின் அடியைத் திருப்பினேன். ஒரு நெல் நீளத்துக்கு வெட்டு. பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. என் வீட்டு அரிவாள்மணையில் அதே வெட்டு உண்டு. வள்ளியின் உலக்கையில், கலியாணப் பெட்டியில் உண்டு. சுப்பையாவின் கை செய்த சாமான் எதுவும் அந்த வெட்டு இல்லாமல் வெளியே போகாது. பச்சைப் பிள்ளைக்குக் கன்னத்தில் மை வைப்பதுபோலத்தான். குறையே இல்லாத சாமானில் ஊர்க்கண் விழும், விழுந்த தோஷம் செய்தவன் வீட்டுக்கு வரும் என்பது அவர் நம்பிக்கை.

"நாயரே, இது யாரு கோலுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இதுக்கு நான் நியாயம் சொல்லக் கூடாது" என்றேன்.

"அறிஞ்சாச்சா? பின்ன நான் சொல்றேன். நீ போட்ட விதி. வெட்டு இருக்கு. வெளியே."

வெளியே என்று சொன்னாரே தவிர நாயரின் கை சும்மா இருக்கவில்லை. விதிப்படி உருட்டக் கூடாத கோலை உருட்டினார். தண்ணீர் போலப் போனது. இன்னொரு தடவை உருட்டினார். விரலில் நிறுத்தினார். வெண்தேக்குத் தண்டும் ஈட்டி மரத்து அடியும் சேர்ந்த இடம் கைக்குத் தெரியவே இல்லை. கண்ணைத் திறக்காமலே "மோசமில்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எந்தொரு கஷ்டமப்பா இது" என்று உட்கார்ந்துவிட்டார்.

மற்ற கோல்களில் விதியிலும் உருட்டலிலும் தேறியது ஒன்றுதான். சுத்தமான வேலை. சுப்பையாவின் கோலுக்கு ஒரு மயிரிழை கீழே. துரையிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் இரண்டு கோலையும் செய்தவர்களை வரவழைத்தார். ஒருவர் சுப்பையா. மற்றவர் சின்னமனூர்ப் பக்கத்து ஞானப்பிரகாசம், மிஷன் பட்டறையில் தொழில் படித்தவர், அளந்துதான் பேசுவார்.

"விதி தெரியும் மச்சான். தெரிஞ்சேதான் போட்டேன்" என்றார் சுப்பையா.

"அடியில ஒரு விரல்கடை அறுத்துட்டா வெட்டு போயிரும். கோலுக்கு ஒண்ணும் ஆகாது. அறுத்துருவமா மாப்ள?" என்றேன்.

சுப்பையா கோலின்மேல் கை வைத்துக்கொண்டார். "அறுக்கிறதுன்னா கோலத் திருப்பிக் குடுத்துருங்க. ரெண்டு தடவை பட்டது போதும். வள்ளி இருக்குற இருப்புல, குறை வைக்காம ஒரு சாமான் என் கையவிட்டுப் போகாது."

துரைக்கு நான் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தபோது ஞானப்பிரகாசம் தொண்டையைச் செருமினார்.

"நானும் ஒண்ணு சொல்லலாமா? எங்க அப்பா காலத்துல இருந்து நாங்க செய்யிற சாமானுக்கு அடியில சின்னதா ஒரு சிலுவை வெட்டுவோம். வெட்டு இருக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லி விட்டீக. அதுக்காக இதுல வெட்டல. பெத்த பிள்ளைக்குப் பேரு வைக்காம அனுப்புன மாதிரி இருந்துச்சு."

எனக்குச் சுருக்கென்றது. விதியை மீறிய கோலுக்கு நான் வழி தேடிக்கொண்டிருந்தேன். விதிக்காகத் தன் வழக்கத்தையே விட்டுக்கொடுத்தவர் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். சுப்பையாவை மன்னித்தால் இவருக்கு என்ன நியாயம்?

ஞானப்பிரகாசமே போய்ச் சுவரில் இருந்த சீமைக் கோலை எடுத்துவந்தார். அதன் அடியில் கம்பெனிப் பேர் பொறித்த சின்னத் தகடு.

"இந்தத் தகடு பதிக்க மரத்தத் தோண்டித்தான் இருக்காக. இத யாரும் வெட்டுங்கலையே? அவுகளுக்கு நெல்லு வெட்டு, எனக்குச் சிலுவை, ரெண்டையும் விட்டுருங்க. கோலப் பாத்துச் சொல்லுங்க."

விதியைத் தூக்கிப் பிடித்திருந்தால் அந்த நிமிஷமே வேலை அவருக்குத்தான். அதை அவர் அறியாதவர் இல்லை. நாயர் வாயைத் திறந்தார், மூடினார், பொடி போட வெளியே போனார். துரை மேசையைத் தட்டிச் சிரித்தார். அங்கேயே விதி திருந்தியது. செய்தவர் அடையாளமாக அடியில் ஆளுக்கு ஒரு வெட்டு உண்டு. அதற்குமேல் ஒன்று இருந்தாலும் தள்ளுபடி. ஞானப்பிரகாசம் மடியிலிருந்து உளியை எடுத்து, அங்கேயே குந்தித் தன் கோலில் சிலுவை போட்டார்.

"எல்லாம் சரி. மழை குடிக்காத கோலுக்கு மார்க் கெடையாது" என்றார் திரும்பி வந்த நாயர். மலைக் கோல் மலை ஈரத்தைத் தாங்க வேண்டும் அல்லவா? ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் இரண்டு கோலும் மேசை அறைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. வெளியே மழை கொட்டும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும். தொட்டுப் பார்க்க மட்டும் நாயர் விடவில்லை.

புரட்டாசியில் வெயில் வந்தது. "நான் இதுல இல்ல, நீங்களே பாத்துக்குங்க" என்றேன்.

"அது நடக்காது. என் கை நடுங்கத் தொடங்கியாச்சு. உன் கைதான் வேணும். கண் வேண்டா" என்று தன் துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினார். எடையை வைத்து அடையாளம் கண்டுவிடுவேன் என்று தூக்கவும் விடவில்லை. துரைதான் கோல்களை மாற்றி மாற்றி மேசையில் கிடத்தினார். என் உள்ளங்கையை நாயர் பிடித்துத் தண்டின் நடுவில் வைத்தார்.

முதல் கோலை உருட்டினேன். நடுவுக்குச் சற்று மேலே லேசாக ஒரு தட்டு. வேறு கையாக இருந்தால் விட்டிருக்கும். இரண்டாவதை உருட்டினேன். தட்டவே இல்லை. முதல் கோலை மறுபடி கேட்டேன், மறுபடி தட்டியது. பிள்ளையாரப்பா, இந்த இரண்டாவது கோல் அவருடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டாலும் கையில் பட்டதைத்தான் சொன்னேன்.

"ரெண்டாவது."

துண்டை அவிழ்த்தார்கள். அடியில் சிலுவை.

நாயர் என் தோளைத் தொட்டு, "ஒருக்கா கூட உருட்டணுமா ஆறுமுகா?" என்றார். வேண்டாம் என்று தலையாட்டினேன். எத்தனை தடவை உருட்டினாலும் அது தட்டத்தான் செய்யும்.

சேதியை நானே கீழே கொண்டுபோனேன். ஆள் விட்டுச் சொல்ல மனம் வரவில்லை. சுப்பையா வாசலில் ஏர் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தார். சொன்னதும் இழைப்புளியைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"உருட்டயில எங்கன தட்டுச்சு? நுனியிலயா, நடுவுலயா?"

"நடுவுக்குக் கொஞ்சம் மேல."

"ம். அந்த மரத்த இன்னொரு கோடை காய விட்டிருக்கணும் மச்சான். அவசரப்பட்டுட்டேன்." இழைப்புளியை மறுபடி எடுத்துக்கொண்டு, "தட்டுனதத் தட்டுச்சுன்னுதானே சொல்லணும்" என்றார்.

வள்ளி எனக்குச் சோறு போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். மறுவாரம் சுப்பையா உளிப் பையைக் கட்டிக்கொண்டு பெட்டி அடிக்க மலைக்குப் போனார். அவர் மலையேறுவதை வாசலில் நின்று பார்த்த என் தங்கையின் முகத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நியாயமாகத்தான் சொன்னேன். நியாயம் சொன்னவனுக்கு நெஞ்சு வலிக்காது என்று யார் சொன்னது?

கார்த்திகையில் ஞானப்பிரகாசம் கோல்கட்டைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். அவிழ்த்து ஒவ்வொன்றாக உருட்டினேன். ஒன்றுகூடத் தட்டவில்லை. மனசு நிறைந்து ஒரு கோலின் அடியைத் திருப்பினேன். சிலுவை இருந்தது. பக்கத்தில் நெல் நீளத்துக்கு ஒரு வெட்டும் இருந்தது. அடுத்ததைத் திருப்பினேன். அதிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது.

"என்ன ஞானப்பிரகாசம் இது? ஆளுக்கு ஒரு அடையாளம்னுதானே பேச்சு? ரெண்டு இருந்தா தள்ளுபடின்னு தெரியும்ல?"

"தெரியும்ண்ணே."

"பின்ன?"

அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் சுப்பையா ஆசாரியாரு செஞ்சிருந்தா ஒவ்வொண்ணுலயும் ஒரு வெட்டு விழுந்திருக்கும். என் கோலு ஜெயிச்சதுனால அவுக வீட்டுல வரப்போற பிள்ளைக்கு விழ வேண்டிய வெட்டு விழாமப் போகக் கூடாது. அது நல்லபடியாப் பொறக்குற வரைக்கும் போட்டுத்தான் அனுப்புவேன். எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. அவுகளுக்கு இருக்குல்ல? தள்ளணும்னா தள்ளிக்கிருங்க."

நான் நாயரைப் பார்த்தேன். விதியை விட்டுக்கொடுக்காத மனுஷன். கைகழுவப் போனார். துடைத்துக்கொண்டு வந்தார். ஒரு கோலை எடுத்து, அடியை ஒருமுறை விரலால் தடவினார். பிறகு அடி கீழே போகும்படி தாங்கியில் நிறுத்தினார். அடுத்ததை எடுத்தார். கடைசிக் கோலையும் நிறுத்திவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"மோசமில்ல."

அதை அவர் எந்தக் கோலையும் பார்த்துச் சொல்லவில்லை. ஞானப்பிரகாசத்தைப் பார்த்துச் சொன்னார்.

மார்கழியில் வள்ளிக்குப் பெண் பிறந்தது. நாள் நெருங்கிவிட்டதென்று ஆள் போய்ச் சொல்லி, சுப்பையா பனியில் மலை இறங்கி ஓடிவந்து, வலி எடுப்பதற்கு முன்னால் வாசலில் நின்றார். அடுத்து வந்த கோல்களில் வெறும் சிலுவை மட்டும்தான். ஞானப்பிரகாசம் பிள்ளைக்காக நெல் வெட்டுப் போட்டனுப்பியதைச் சுப்பையாவிடம் நான் சொன்னேன். அவர் எழுந்துபோய், எவ்வளவோ நாளாக நிழலில் காயப்போட்டு வைத்திருந்த வெண்தேக்குக் கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு சின்னமனூர்ப் பாதையில் நடந்தார். ஞானப்பிரகாசத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் புது மார்க்கர் கையிலிருந்த கோலை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது டேமேஜ் இல்லையாய்யா?"

வாசலில் என் தங்கை மகள், கொடுக்காப்புளி மரத்தில் பாதி ஏறி, இறங்கத் தெரியாமல், அழவும் மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தாள். "மாமா, அந்தக் கம்பக் குடுங்க, பழம் தட்டணும்" என்று எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"அந்த வெட்டு அவளோடது. தள்ளுறதுன்னா அவகிட்டக் கேட்டுக்கிட்டுத் தள்ளுங்க" என்றேன்.